மூன்றாம் ஓலை

வெள்ளையடித்து மூன்று நாள்கூட ஆகாத சுவரில் பச்சையாக ஒரு கோடு இருந்தது.

ஹெஸ்டர் தர்ல்பி கையில் கெட்டிலோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டி அடுப்பின் இரும்புக் கதவுக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், ஒரு முழ நீளம். ஈரக் குச்சியை ஓங்கி வீசினால் விழும் தடம். அடி விழுந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, ஓரத்தில் ஒரு துணுக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தாள். அன்றுதான் ஒடித்த வில்லோக் கிளையின் கசப்பு வாசனை. அதற்கு அடியில், மழைக்குப் பிறகு குழி தோண்டினால் வருமே, அந்த மண் வாசனை.

நேற்று பரமேறுதல் வியாழன். விதர்ஸ்பி ஊரார் கையில் வில்லோக் குச்சியோடு ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக்கல் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு வரும் நாள். ஆனால் நேற்று இந்தச் சமையலறைக்குள் ஒரு குச்சியும் வரவில்லை, ஒரு காலும் வரவில்லை. வரவிடாமல் வாசலை மறித்து நின்றவளே அவள்தான்.

'சைலஸ் வேலையாகத்தான் இருக்கும்' என்று, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். ஈரத்துணியால் துடைத்தாள். கோடு போகவில்லை. துடைக்கத் துடைக்கச் சுண்ணாம்புதான் போயிற்று.

விதர்ஸ்பி நல்ல ஊர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் ஐந்து வீட்டிலிருந்து சூப் வரும்; ஆறாவது வீட்டிலிருந்து வராவிட்டால் அதைப் பத்து வருடம் பேசுவார்கள். எல்லைக்கு உள்ளே பிறந்தவனை ஊர் விட்டுக்கொடுக்காது, அவன் சரியான கழுதையாகவே இருந்தாலும். வெளியூர்க்காரர்களிடமும் மரியாதைக்குக் குறைவில்லை. வழி கேட்டால் தொப்பியைத் தூக்கிவிட்டுச் சொல்வார்கள். எப்போதும் அது ஊரைவிட்டு வெளியே போகும் வழியாக இருக்கும்.

அந்த எல்லை ஹெஸ்டரின் சமையலறைக்கு நடுவே போகிறது. பின் ஜன்னலைத் திறந்தால் மேடுகள் என்று பெயர் பெற்ற புல்வெளி. ஆடு மேயும் அந்தப் புல்லுக்கு அடியில் சதுரம் சதுரமாகப் பழைய வீடுகளின் அடித்தளம் புடைத்துக்கொண்டு தெரியும். அறுநூறு வருடத்துக்கு முன் அங்கே லோதோர்ப் என்று ஓர் ஊர் இருந்தது. விதர்ஸ்பியும் அதுவும் ஒரே பாதிரியாருக்கு உட்பட்ட ஒரே பங்கு, ஒரே தேவாலயம். கொள்ளைநோய் வந்த வருடம் நோய் முதலில் லோதோர்ப்பில் விழுந்தது. அவர்கள் தங்கள் பிணங்களை விதர்ஸ்பிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். விதர்ஸ்பி பதில் சொல்லவில்லை. அந்த மே மாதம் எல்லையைச் சுருக்கி நடந்து, லோதோர்ப்பை வெளியே விட்டுவிட்டது. அவ்வளவுதான். வெளியே இருப்பவர்களுக்குப் பாதிரியார் இல்லை, மணி இல்லை, குழி இல்லை. நடந்தவர்கள் எங்கே திரும்பினார்களோ அந்த இடத்தில் பிற்பாடு எழும்பிய வீடுதான் இது.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை ஊர் முன்வாசல் வழியாக உள்ளே வரும். ரொட்டி அடுப்புக்குள் குச்சியை நீட்டிப் பின்சுவரை மூன்று தரம் அடிக்கும். அந்த வருடம் பங்கில் யார் புதிதாகச் சேர்ந்தவரோ, மருமகனோ வேலைக்காரனோ, அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, அடுப்புக்குள் தலையை நுழைத்து, பின்சுவரில் மூன்று தரம் மெல்ல மோதுவார்கள். சுவர் எங்கே இருக்கிறதென்று தலைக்கு ஞாபகம் இருக்கட்டும் என்பதற்காக. பிறகு எல்லோரும் பின் ஜன்னல் வழியே ஏறிக் குதித்துப் போவார்கள். போன வருடம் பால்காரி டோர்க்கஸின் மருமகன், ஆறடி ஆள், தோள் மாட்டிக்கொண்டு, வெண்ணெய் தடவி இழுக்க வேண்டியதாயிற்று.

இந்த வருடம் ஹெஸ்டர் விடவில்லை. காரணம் இருந்தது. நாற்பத்தொரு வயது அவளுக்கு. படுக்கையில் விழுந்த அப்பாவுக்குப் பதினோரு வருடம் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அந்தப் பதினோரு வருடமும் வண்டிச்சக்கரம் செய்யும் சைலஸ் கோபில்ட் ஞாயிறுதோறும் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனான். தை மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். போன ஞாயிறு தேவாலயத்தில் முதல் ஓலை வாசித்தார்கள்; கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, தடை உண்டா என்று ஊரைக் கேட்கும் அறிவிப்பு. இன்னும் இரண்டு ஓலை; அடுத்த சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை கல்யாணம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ஹெஸ்டருக்குப் பூமியெல்லாம் வேண்டாம். சைலஸும், புகைக்கறை இல்லாத ஒரு சமையலறையும் போதும். கை வெந்துபோகச் சுண்ணாம்பு குழைத்து அவளே அடித்தாள். தரையை மணல் போட்டுத் தேய்த்தாள். மூன்றாம் நாள் நாற்பது ஜோடி பூட்ஸ் வாசலில் வந்து நின்றன, ஒவ்வொன்றிலும் அரைப்படி சேறு.

"இந்த ஒரு தடவை சந்து வழியா சுத்திப் போயிடுங்களேன்," என்றாள்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்கு வந்த பாதிரியார் பெவிஸ் முழங்காலைத் தடவிக்கொண்டே, "தாராளமா! ஜன்னல் ஏறிக் குதிக்கிற வயசா எனக்கு?" என்றார்.

"பூட்ஸைக் கழட்டிடுறோம் ஹெஸ்டர். ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போயிடுறோமே," என்றான் சைலஸ்.

"நாப்பது ஜோடி காலும் நாறும். ஒண்ணும் வேணாம்."

"நீ பாட்டுக்கு எல்லைக்கு வெளிய நின்னுட்டா அப்புறம் அசலூர்க்காரியக் கட்டிக்கிட்டேன்னு என்னைத்தான் கேலி பண்ணுவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். பாதிரியார் சந்து முனையில் இருந்த எல்ம் மரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சிலுவை போட்டார். அதை மூன்று தரம் அடித்துவிட்டு ஊர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போயிற்று. ஹெஸ்டர் சுத்தமான தரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கோட்டைத் துடைத்துக் களைத்து வெளியே வந்தபோது வாசலில் பால் இல்லை. டோர்க்கஸின் வண்டி ஏற்கெனவே எல்ம் மரத்தடியில் திரும்பிக்கொண்டிருந்தது. ஹெஸ்டர் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். டோர்க்கஸ் திரும்பி, அவளைப் பார்த்து, ஒரு கணம் எதையோ தேடுகிறவள்போல் புருவத்தைச் சுருக்கினாள்.

"அட, ஹெஸ்டரு! உன்னை எப்படி விட்டேன்? முப்பது வருஷமா வர்ற வழி."

"கல்யாணப் பொண்ணை மறந்துட்டியா?"

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டு, உடனே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

சனிக்கிழமை வண்டி நிற்கவில்லை. சுவரில் கோடு நாலாயிற்று.

ஞாயிறு காலை அவள் சைலஸுக்குப் பக்கத்தில், வழக்கமான பலகையில் உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தி வாசனை, ஈரக் கம்பளி வாசனை, முன்வரிசைக் கிழவரின் இருமல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பாதிரியார் பெவிஸ் ஓலை வாசிக்கும் புத்தகத்தைத் திறந்தார்.

"இந்தப் பங்கைச் சேர்ந்த வாலிபர் சைலஸ் கோபில்ட் என்பவருக்கும்," என்று தொடங்கி, நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். விரலால் வரியைத் தடவினார். பிறகு பக்கத்தைத் திருப்பி, பாட்டு எண்ணைச் சொன்னார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் எழுந்து பாடினார்கள். சைலஸும் பாடினான், நல்ல தொண்டையில், தாளம் தப்பாமல். ஹெஸ்டர் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்து, "என்னம்மா?" என்றான் அன்பாக. அந்த அன்பு கொஞ்சம் பொதுவானதாக இருந்தது.

வாசலில் பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, என் பேரை வாசிக்கலையே?"

"வாங்க, வாங்க. ரொம்பச் சந்தோஷம்," என்றார் அவர், அவள் கையைக் குலுக்கியபடி. "நம்ம ஊர் எப்படி, பிடிச்சிருக்கா? எத்தனை நாள் தங்குறீங்க?"

அன்று மாலை தேநீர் நேரம். வெளியே நல்ல வெளிச்சம், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஜன்னல் விளிம்பில் ஓர் ஈ ஊர்ந்தது. ஹெஸ்டர் மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்து, கோடுகளை எண்ணாமல் இருக்க முயன்றாள். அப்போது அடுப்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. அந்த அடுப்பில் நெருப்பு வைத்துப் பத்து நாள் ஆகிறது. இரும்புக் கதவு மூடியிருந்தது. அதற்கு உள்ளே, ரொம்ப உள்ளே, சுவர் முடியும் இடத்துக்கும் அப்பாலிருந்து, வாயில் மண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் பேசுவதுபோல், ஏற்ற இறக்கமில்லாமல், நிதானமாக, படிக்கத் தெரிந்த ஒருவர் எழுதிவைத்ததைப் படிக்கும் தொனியில்.

"லோதோர்ப் பங்கைச் சேர்ந்த கன்னிகை ஹெஸ்டர் தர்ல்பி என்பவளுக்கும், அதே பங்கைச் சேர்ந்த..."

அடுத்த பெயர் மண்ணில் அமிழ்ந்துபோயிற்று.

"...நியாயமான தடை அறிந்தவர் இருந்தால் சொல்லக்கடவர். இது முதல் ஓலை."

ஈ ஜன்னலைவிட்டுப் பறந்தது. அடுப்புக்குள் பலர் சேர்ந்து ஆமென் சொன்னார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் சைலஸின் பட்டறைக்கு ஓடினாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று, ஆனால் கண்டுகொண்டான். அந்த நன்றியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோடுகளையும் அடுப்புக்குள் கேட்ட குரலையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. மரச்சீவலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டான்.

"உன்னைப் பாக்காதப்போ உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது ஹெஸ்டர்," என்றான் மெதுவாக. "நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். யாரையோ மறந்துட்டேன்னு மட்டும் தெரியுது."

"நான் தனியா குச்சியை வெச்சு அடிச்சுப் பாத்தேன் சைலஸ். முன்வாசல்ல இருந்து ஜன்னல் வரைக்கும். ஒண்ணும் ஆகலை. ஊர் நடந்தாதான் எல்லை." நடந்ததில் பாதியைத்தான் சொன்னாள். அவள் அடுப்புக்குள் மூன்று தரம் அடித்தபோது, மறுபக்கத்திலிருந்து மூன்று தரம் திரும்ப அடித்தார்கள்.

"சாயங்காலம் ஊரைக் கூட்டிட்டு வர்றேன். பூட்ஸோட வருவோம், பரவாயில்லையா?"

"சேத்தை வாரிக்கிட்டு வாங்க," என்றாள். "தரை நாசமாப் போகட்டும்."

ஐந்து மணிக்கு வந்தார்கள். வாசற்படியில் நின்று பார்த்த ஹெஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. சைலஸ் முன்னால், பின்னால் டோர்க்கஸ், மருமகன், பாதிரியார், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோர் கையிலும் குச்சி. பேச்சும் சிரிப்புமாகச் சந்து வழியே ஏறி வந்தார்கள். எல்ம் மரம் வரை வந்தார்கள். நின்றார்கள்.

இருபது அடி. அவ்வளவுதான் தூரம். சைலஸின் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருப்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

"எதுக்குய்யா வந்தோம்?" என்றாள் டோர்க்கஸ்.

"நடக்கத்தானே? சைலஸ்தான் கூப்பிட்டான்," என்றான் மருமகன்.

சைலஸ் மரத்தைப் பார்த்தான். சிலுவையைப் பார்த்தான். அதைத் தாண்டி அவள் வீடு இருந்த பக்கம் பார்த்தபோது, அவன் கண் ஒரு வயலைப் பார்ப்பதுபோல் அகலமாக, எதிலும் நிற்காமல் போயிற்று.

"சைலஸ்! இங்க! இங்க இருக்கேன்!"

அவன் காதைச் சொறிந்தான். "எல்லை இதானே? ஐயாவே போட்டிருக்காரு பாரு. எதுக்கும் இன்னொரு தடவை அடிச்சிடுவோம்."

"வேணாம்! சைலஸ், அதை அடிக்காத!"

அடித்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நல்ல உற்சாகமாகவே அடித்தார்கள். அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பி, தொப்பியைத் தூக்கினான்.

"மன்னிச்சுக்கங்கம்மா, கவனிக்கலை. வழி தெரியலையா? இப்படியே நேரா போங்க, மேடுகள் தாண்டினா பெரிய ரோடு வரும்."

அவர்கள் திரும்பிப் போனார்கள். யாரோ ஒரு பழைய ஜோக்கைச் சொன்னார்கள், சிரிப்பு இறங்கி இறங்கித் தேய்ந்தது. ஹெஸ்டர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். தான் கெட்டது ஒரு வாளிச் சுண்ணாம்பால், அதுவும் தன் வாயால். வீட்டுக்குத் திரும்பியபோது மேசையில் மூன்று பச்சைத் தடங்கள் இருந்தன, இன்னும் ஈரமாக.

அந்த வாரம் அவள் தப்பிப் போகப் பார்த்தாள். சந்தை ஊருக்குப் போகும் பேருந்து கையைக் காட்டியும் நிற்கவில்லை. நடந்தாள். ஆனால் அது பரமேறுதலை ஒட்டிய வாரம். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பங்கும் தன் எல்லையை அடித்து முடித்திருந்தது. ஒவ்வோர் எல்லைக்கல்லிலும் அவள் கால் தானாக ஒதுங்கியது, மாடு முள்வேலியைக் கண்டு ஒதுங்குவதுபோல். ஒதுங்கி ஒதுங்கி, பங்குக்கும் பங்குக்கும் இடையே யாருக்கும் இல்லாத ஒரு புல்வரி வழியாகவே பகல் முழுதும் நடந்தாள். அது வளைந்து வளைந்து கடைசியில் அவளுடைய பின் ஜன்னலுக்கே கொண்டுவந்து விட்டது.

அடுத்த ஞாயிறு, பெந்தெகொஸ்தே அன்று, இரண்டாம் ஓலை வந்தது. இந்த முறை அது மூடிய கதவுக்குள்ளிருந்து வரும் குரலாக இல்லை. ஆண் பெயரும் கொஞ்சம் கேட்டது, கடைசி எழுத்து மட்டும். காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடுப்புக் கதவுக்கு முன் மாவுப் பெட்டியை இழுத்துப் போட்டாள். அதற்கு முட்டாக அப்பாவின் அலமாரி. அதன்மேல் கல்யாணத்துக்குச் சேர்த்த போர்வைகள்.

சனிக்கிழமை. நிச்சயித்த நாள். அவளுக்கே அது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. இருந்தும் சாம்பல் நிற உடையைப் போட்டுக்கொண்டாள், தொப்பியில் ஹாதார்ன் பூ வைத்தாள். தேவாலயம் பூட்டியிருந்தது. பட்டறை திறந்திருந்தது. சைலஸ் இரண்டு புது நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கு," என்றாள். "யாருக்கு?"

"அதாங்க புரியலை." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான், ஞாயிறுதோறும் பிடித்துக்கொண்டது போலவே. "ஒத்தை ஆளு நான். ஒண்ணு போதும். எதுக்கு ரெண்டு செஞ்சேன்னு காலையில இருந்து யோசிக்கிறேன். நெஞ்சுல என்னமோ அடைக்குது. நீங்க வேணா ஒண்ணை எடுத்துக்கங்க. தூரம் போறவங்க மாதிரி இருக்கீங்க."

அவள் எடுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? நாற்காலியை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஊருக்கு நடுவே நடந்தாள். எதிர்ப்பட்ட எல்லோரும் வழிவிட்டு, தொப்பியைத் தூக்கி, மரியாதையாக வணக்கம் சொன்னார்கள்.

மறுநாள் திரித்துவ ஞாயிறு, காலை பதினொரு மணி. வெயில் சமையலறைக்குள் பாலாக விழுந்திருந்தது. ஹெஸ்டர் சைலஸின் நாற்காலியில், அறைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சுவரில் இப்போது வெள்ளையே இல்லை. தரையில் அவள் காலைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குத்தான் பச்சைத் தடம் படாத இடம் இருந்தது. அதற்குள் காலை ஒடுக்கி வைத்திருந்தாள். விதர்ஸ்பி மணி அடித்தது. அது ரொம்பத் தூரத்து ஊரின் மணிபோல் கேட்டது.

பின் ஜன்னல் வழியே மேடுகள் தெரிந்தன. ஆடுகளைக் காணோம். புல் ஒரு வரியாகச் சாய்ந்துகொண்டே வந்தது, பலர் வரிசையாக மிதித்து வந்தால் சாய்வதுபோல். வரிக்கு மேலே ஒருவரும் இல்லை. குச்சிகள் காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும், ஒரே சீராக. அதனூடே வார்த்தை இல்லாத ஒரு சங்கீதம்.

குரல் அலமாரிக்குப் பின்னாலிருந்து, தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் வந்தது.

"லோதோர்ப் பங்கைச் சேர்ந்த கன்னிகை ஹெஸ்டர் தர்ல்பி என்பவளுக்கும்..." இம்முறை அந்தப் பெயர் முழுதாகக் கேட்டது. அது ஓர் ஆளின் பெயர் அல்ல. பெயர்கள். ஒன்றன்பின் ஒன்றாக. ஓர் ஊர் ஆண்கள் அத்தனை பேருடைய பெயரும்.

"நியாயமான தடை அறிந்தவர் இருந்தால் சொல்லக்கடவர். இது மூன்றாம் ஓலை."

பிறகு காத்திருந்தார்கள். சட்டப்படி, பொறுமையாக.

"தடை இருக்கு!" என்று கத்தினாள். "நான் விதர்ஸ்பிக்காரி! நான் அங்க பொறந்தவ! தடை இருக்கு!"

சந்தில் பேச்சுக்குரல். தேவாலயத்துக்குத் தாமதமாகப் போகிறவர்கள். சைலஸ். அவன் செருமல் அவளுக்குத் தெரியாதா?

"யாரோ கூப்பிட்ட மாதிரி இல்ல?" இது டோர்க்கஸ்.

அவன் நின்றான். நின்றது கேட்டது. ஹெஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை, சைலஸ். உன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

"மேடுகள் பக்கம் காத்து," என்றான் அவன். "வா, பிரசங்கம் ஆரம்பிச்சிடும்."

காலடிகள் போயின.

அலமாரி தானாக ஓர் அடி நகர்ந்தது. போர்வைகள் சரிந்தன. ஜன்னலுக்கு வெளியே, கீழே, புதுச் சத்தம். அது என்னவென்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. தோல் உரசும் சத்தம். ஈரமான ஏதோ தரையில் வைக்கப்படும் சத்தம். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. இன்னொன்று.

பூட்ஸைக் கழற்றுகிறார்கள்.

அவள் தரை அழுக்காகக் கூடாதென்று.

நாற்பது ஜோடி வரை எண்ணினாள். அதற்கு மேலும் இருந்தது. பிறகு ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கை. சுண்ணாம்பு வெள்ளை. பிணத்தின்மேல் கொட்டுவார்களே, அந்தச் சுண்ணாம்பு. கையைத் தொடர்ந்து முகம். அதிலும் சுண்ணாம்பு, கண்ணிலும், வாயிலும். ஏறிக் குதித்தார்கள், ஒவ்வொருவராக, வெறுங்காலோடு, ஓசையில்லாமல். குச்சியை மரியாதையாக மார்போடு பிடித்திருந்தார்கள். சமையலறை நிறைந்தது. மண் வாசனை. யாரும் அவளைத் தள்ளவில்லை, முறைக்கவில்லை. சொந்தக்கார வீட்டுக்கு வந்தவர்கள்போல் சுவரைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டார்கள்.

"இந்த வருஷம் நம்ம பங்குக்குப் புதுசா வந்தவங்க யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

எழ முடியவில்லை. கத்த முடியவில்லை. சைலஸின் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். விரலை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விலக்கினார்கள். தோளில் கை. முழங்காலுக்கு அடியில் கை. தூக்கினார்கள். தொப்பியிலிருந்த ஹாதார்ன் பூ உதிர்ந்தது. அடுப்புக் கதவு திறந்தது. உள்ளே இருட்டு, குளிர். தோள் மாட்டவில்லை.

தலை சுவரில் மெல்ல மோதியது. செங்கல். சில்லென்று, கெட்டியாக, அப்பா காலத்துச் செங்கல்.

"ஒண்ணு," என்றார்கள் சேர்ந்து.

மறுபடி. செங்கல். இப்போது கொஞ்சம் ஈரமாக. வெளியே விதர்ஸ்பியில் பாட்டு ஆரம்பித்தது. சைலஸின் குரல், தாளம் தப்பாமல்.

"ரெண்டு."

மூன்றாவது தரம் மோதியபோது அங்கே சுவர் இல்லை.